விழுந்தவருக்கு யார் முதலாளி?

வேலை செய்யும்போது காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் எழுதப்பட்டு தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அரசாங்க சபைக் காலத்தில் இயற்றப்பட்டது. அதன் அடிப்படைக் கொள்கை இன்று வாசித்தாலும் மனிதநேயமானது: தவறு யாருடையது என்று அது கேட்பதில்லை. சாரத்தில் ஏறியவர் கவனமாக இருந்தாரா, பலகை உக்கியிருந்ததா, மேற்பார்வை போதாதா என்ற விசாரணை எதுவும் தேவையில்லை. விபத்து வேலையிலிருந்து எழுந்ததா, வேலையின் போது நிகழ்ந்ததா என்பது மட்டுமே கேள்வி. ஆம் என்றால் முதலாளி பணம் கட்ட வேண்டும். இவ்வளவு நேரான சட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரை ஏன் எட்டாமல் போகிறது? தவறைப் பற்றிக் கேட்காத அந்தச் சட்டம் வேறொன்றை மிகக் கண்டிப்பாகக் கேட்கிறது என்பதுதான் காரணம். நீங்கள் யாரிடம் வேலை செய்தீர்கள்? குடாநாட்டில் பலரால் விடை சொல்ல முடியாத கேள்வி அதுவே. சிலருக்கு விடை தெரிந்திருந்தாலும் பயனில்லை. முதலாளி என்று சுட்டிக் காட்டப்படுபவரும் அவர்களைப் போலவே வெறுங்கையர்.

இந்தக் குறை தற்செயலாக நேர்ந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில் விபத்துகளுக்கு உலகம் இரண்டு வழிகளைக் கண்டது. ஜெர்மனி 1884இல் தன் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. ஒரு துறையைச் சேர்ந்த முதலாளிகள் எல்லாரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து நிதியம் அமைக்க வேண்டும்; காயப்பட்ட தொழிலாளிக்கு அந்த நிதியம் கொடுக்கும். அவருடைய சொந்த முதலாளி நொடித்துப் போனாரா, ஓடிப் போனாரா என்பது நட்டஈட்டைப் பாதிக்காது. பிரித்தானியா 1897இல் வேறு வழி எடுத்தது. ஒவ்வொரு முதலாளியும் தன் தொழிலாளிக்குத் தானே பொறுப்பு. நிதியமும் இல்லை, கூட்டுப் பொறுப்பும் இல்லை. 1923இல் இந்தியாவுக்குச் சட்டம் எழுதியவர்களும் 1934இல் இலங்கைக்கு எழுதியவர்களும் இந்த இரண்டாம் வழியையே பின்பற்றினார்கள். அன்றைய இலங்கையின் கூலித் தொழிலாளி என்றாலே தோட்டத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி. தோட்டத்துக்குத் துரை இருந்தார், கம்பனி இருந்தது, அன்றாடம் பெயர் பதியும் செக்றோல் இருந்தது. யார் முதலாளி என்பதில் அங்கே ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. பதிவேடு இருக்கும் இடத்துக்கு என்று எழுதப்பட்ட சட்டம், பதிவேடே இல்லாத இடத்தில் தடுமாறுகிறது.

முதலில் சட்டம் தருவதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். உள்ளதே தெரியாமல் இழப்பவர்களும் நிறையப் பேர். தற்காலிகமாக வேலை செய்ய முடியாமற் போனவருக்கு, மூன்று நாள் காத்திருப்புக் காலத்துக்குப் பின், சம்பளத்தின் பாதி, அரை மாதத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும். கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகப் போனால் ஒரே தொகையாக நட்டஈடு. எந்த உறுப்பு இழப்புக்கு எத்தனை விழுக்காடு என்று அட்டவணை இருக்கிறது. இறந்தால் அவரில் தங்கியிருந்தவர்களுக்கு ஒரே தொகை. வேலையால் வரும் சில நோய்களும் விபத்தாகவே கொள்ளப்படும். மது மயக்கத்தாலோ, வெளிப்படையாகச் சொன்ன பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ வந்த காயத்துக்கு நட்டஈட்டை மறுக்கலாம். ஆனால் அதே விபத்தில் உயிர் போய்விட்டால் அந்த வாதம் எடுபடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளே கொண்டுவந்தது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வரும் இளைஞருக்கு இது பெரிய மாற்றம். அது நடைமுறையானதை எத்தனை பேர் அறிவார்கள் என்பதுதான் கவலை.

அதே திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஐந்தரை இலட்சம் என்ற எல்லை 2005இல் போடப்பட்டது. அன்று ஒரு டொலர் நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் முந்நூறு ரூபாய் அளவில் வந்து நின்றது. அந்தக் கணக்கில் ஐயாயிரத்து ஐந்நூறு டொலர் இருந்த எல்லை, பதினேழு ஆண்டுகள் கழித்து, ஆறாயிரத்து அறுநூறு டொலர் அளவுக்கே வந்திருக்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் தேய்ந்துகொண்டே வந்த தொகையைப் பழைய இடத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது உச்ச எல்லை என்பதையும் மறக்கக் கூடாது; குறைந்த சம்பளக்காரருக்குக் கணக்கு அந்த எல்லையை எட்டாது.

இந்தத் தொகையைப் பெறுவதற்கான வழியில் முதல் சில நாட்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. யாழ். போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது “எப்படி விழுந்தீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு வரி, பின்னால் நடக்கும் விசாரணையில் மிகப் பெறுமதியான சான்று. பொலிஸ் பிரச்சினை வேண்டாம் என்று யாராவது சொல்லி, அதைக் கேட்டு “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், பின்னர் பத்துச் சாட்சிகள் வந்தாலும் அந்த வரியை அழிப்பது கடினம். எந்த இடத்தில், யாருடைய வேலையில், என்ன செய்யும்போது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, வைத்தியசாலை தரும் அட்டைகள், கிளினிக் கொப்பி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எல்லாம் கைவசம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குத் தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தி, வங்கியில் போட்ட பணம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், வேலைத்தளத்தில் எடுத்த படம் எதுவும் உதவும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. விபத்தை முதலாளிக்கு இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு உண்டு என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. தொழிற்சாலையில் நடந்த விபத்தானால் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவிக்கும் கடமை நிர்வாகத்துக்கு இருக்கிறது. அந்த அறிவித்தல் போனதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு காகிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. “இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கட்டிலருகே கொண்டுவரும் காகிதம் அது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தைச் சட்டம் ஏற்காது. இரு தரப்பும் ஒரு தொகைக்கு உண்மையாகவே உடன்பட்டால் அதை ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இறந்தவரின் நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு அவர் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போக வேண்டும். செத்த வீட்டில் கையில் கொடுத்துவிட்டு முடித்தாயிற்று என்று சொல்ல முடியாது. துக்கத்தில் இருக்கும் விதவையோடு பேரம் பேசுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. சட்டம் எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்தக் கட்டளைச் சட்டத்தில் இல்லை.

இனி கடினமான இடத்துக்கு வருவோம். மேலே சொன்ன அனைத்தையும் ஒருவர் பிழையில்லாமல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாருக்கு எதிராக விண்ணப்பிக்கிறார்?

ஒரு காலத்தில் குடாநாட்டிலும் அதன் வாசலிலும் இதற்கு விடை இருந்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும், ஆனையிறவு உப்பளத்துக்கும் சம்பளப் பட்டியல் இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. போர் அவற்றை மூடியது. 2009க்குப் பின் வந்த வேலை பெரும்பாலும் கட்டட வேலை. இந்திய அரசின் ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டத்தில் மிகப் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகளே தம் வீட்டைத் தாமே கட்டும் முறையில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு. ஒரு வீடு கட்டக் கொடுத்த கொடையும், அந்த வீட்டைக் கட்டும்போது செத்துப்போனால் சட்டம் அன்று அனுமதித்த உச்ச நட்டஈடும் ஒரே தொகையாக இருந்தது. அதைவிட முக்கியமானது வேறொன்று. அந்தத் தொகைக்குள் கல்லுக்கு இருந்தது, சீமெந்துக்கு இருந்தது, மேசன் கூலிக்கு இருந்தது. மேசன் விழுந்தால் என்று எதுவும் இருக்கவில்லை. பயனாளி பெரும்பாலும் இடம்பெயர்ந்து திரும்பியவர், பல வீடுகளில் கணவனை இழந்த பெண். அவரை முதலாளி என்று அழைப்பதே பொருந்தாது.

சட்டமும் அவரை அப்படி அழைக்கவில்லை. முதலாளியின் தொழிலுக்காகவோ வணிகத்துக்காகவோ வேலை செய்பவரே வேலையாள் என்பது அதன் அளவுகோல். தான் குடியிருக்க வீடு கட்டும் ஒருவர் வணிகம் செய்யவில்லை. ஆகவே வீட்டுக்காரர் வெளியே போய்விடுகிறார். மிஞ்சுவது யார்? கூலிக் கொந்தராத்து எடுத்த மேசன் பாஸ். கட்டுவது அவருடைய தொழில். கல் சுமக்கவும் கலவை குழைக்கவும் ஆட்களைக் கூட்டிவந்தவர் அவர். சட்டத்தின் கண்ணில் முதலாளி அவரே. அவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் நீர்மட்டமும் சில சாமான்களும். அவரும் அதே சாரத்தில்தான் நிற்கிறார், அவரே விழுந்தால் அவருக்கு முதலாளி இல்லை. ஆணையாளர் கட்டளை இடலாம், கட்டாத பணத்தை நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடலாம். இல்லாதவரிடமிருந்து எந்த நீதிமன்றமும் எடுத்துத் தர முடியாது. ஒரு ஏழையின் முறிந்த முதுகுக்கு இன்னொரு ஏழையின் வீட்டை விற்பதுதான் நீதி என்றால், உதவியாள் வழக்குப் போடாமல் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் ஒரே ஊர், பல வேளை ஒரே உறவு. வழக்குப் போடாதவரை அறியாமை என்று குறை சொல்பவர்கள் இந்த நெருக்கடியைக் கண்டுகொள்வதில்லை. அவர் சட்டத்தை அறிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார்.

கடலுக்குப் போனால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் தீவுப் பகுதியிலும் படகில் போகிறவர்களில் பலர் சம்பளத்துக்குப் போவதில்லை, பங்குக்குப் போகிறார்கள். எரிபொருள், ஐஸ் செலவு கழிந்தபின் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. இலாபத்தில் பங்கு பெறுபவர் தொழிலாளியா கூட்டாளியா? பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் பங்குக்கு உழைக்கும் மீனவரை வெளிப்படையாகவே வெளியே நிறுத்தியது. அந்தச் சிந்தனை மரபிலிருந்து பிறந்த நம் சட்டத்திலும் படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் சட்டத்தரணி எழுப்பும் முதல் வாதம் அதுவாகவே இருக்கும். உண்மையில் பங்கு முறை என்பது படகுக்காரரின் நட்டத்தை ஆட்களோடு பகிரும் முறை. மீன் படாத நாளில் கூலியும் இல்லை. நட்டத்தைப் பகிர்வதால் ஒருவர் கூட்டாளி ஆகிவிடுவார் என்ற தர்க்கம், இழப்பை ஏற்பவரிடமிருந்தே பாதுகாப்பையும் பறிக்கிறது. கடலட்டைக்குச் சுழியோடுபவர்களின் நிலை இன்னும் மோசம். ஆழத்தில் நெடுநேரம் இருந்து விரைவாக மேலெழும்போது இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்குகிறது. விழுந்து முறிந்தது போல அது உடனே கண்ணுக்குத் தெரியாது. எந்த நாளில், யாருடைய வேலையில் அந்தச் சேதம் நேர்ந்தது என்று பல பேரிடம் வேலை செய்தவர் எப்படி நிறுவுவார்? 1990ஆம் ஆண்டு மீனவர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டம் ஒன்று சட்டமாக வந்தது. விரும்பியவர் சேரலாம் என்ற அளவில் நிற்கும் திட்டத்தால் மிக ஏழையானவரைக் காக்க முடியாது. சந்தா கட்ட முடியாதவரே முதலில் வெளியே நிற்பார்.

பனையும் அப்படியே. ஒரு நாளில் பல மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளியின் வேலையைவிட ஆபத்தான அன்றாட வேலை குடாநாட்டில் அரிது. அவரோ பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர். சங்கம் அவருடைய கள்ளை வாங்குகிறது, விற்கிறது. அவருக்கு அது முதலாளி இல்லை. மரத்துக்குச் சொந்தக்காரர் மரத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர், அவரும் முதலாளி இல்லை. தவறணையில் கள் குடிப்பவர் வாடிக்கையாளர். இத்தனை பேருக்கு நடுவில் முள்ளந்தண்டு முறிந்து படுத்தவருக்குச் சட்டப்படி யாரும் பொறுப்பில்லை.

இந்த மூன்று தொழில்களையும் பார்த்தால் ஒரே முடிவுதான் தெரிகிறது. தனித்தனி முதலாளியின் பொறுப்பு என்ற 1897ஆம் ஆண்டு வழியை விட்டு, தொழில் முழுவதும் சேர்ந்து கட்டும் நிதியத்துக்கு நாம் மாற வேண்டும். முதலாளி யார் என்ற கேள்வியைக் கேட்காமலே பணம் கொடுக்கக்கூடிய அமைப்பு அது ஒன்றே. நமக்கு அருகிலேயே முன்மாதிரிகள் உண்டு. கேரளம் 1969இல் கள்ளுத் தொழிலாளர் நல நிதியச் சட்டத்தையும் 1985இல் மீனவர் நல நிதியச் சட்டத்தையும் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, 1994இல் கட்டுமானத் தொழிலாளருக்கு நல வாரியம் அமைத்தது. பனைமரத் தொழிலாளருக்கும் தனி வாரியம் வந்தது. இந்தியா முழுவதற்குமான 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்கி அந்த வாரியங்களுக்குக் கொடுக்கச் சொன்னது. தொழிலாளி எந்த மேசனிடம் இருந்தார் என்பது அங்கே முதற் கேள்வியல்ல. அவர் வாரியத்தில் பதிவு செய்தவரா என்பதே கேள்வி. குடாநாட்டில் இந்தப் பணத்தைச் சேர்க்க ஏற்ற இடம் ஏற்கெனவே இருக்கிறது. வீடு கட்ட பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ அனுமதி பெற வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். மதிப்பீட்டில் ஒரு சிறு விழுக்காட்டை அந்தக் கட்டணத்தோடு வாங்கினால், கட்டி முடியும்வரை அந்த வளவுக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவரும், பாஸ் உட்பட, காப்புக்குள் வந்துவிடுவர். கள்ளில் லீற்றருக்கு ஒரு சிறு தொகை, இறங்குதுறையில் விற்கும் மீனில் ஒரு சிறு தொகை என்று மற்ற இரண்டுக்கும் வழி உண்டு.

ஏற்கெனவே வரியால் முதுகு வளைந்த நாட்டில் இன்னுமொரு வரியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நாட்டில் எவ்வளவு வசதியற்றவரானாலும் ஒரு மோட்டார் சைக்கிளை வீதியில் இறக்கினால் மூன்றாந் தரப்புக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. யாரும் அதை அநியாயம் என்பதில்லை. முன்பின் தெரியாத பாதசாரியைத் தட்டிவிட்டால் அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டோம். நமக்காக நம் கூரையில் ஏறியவருக்கு அதை மறுக்க என்ன காரணம்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வளைகுடாவுக்குப் போகிறவருக்குப் பதிவோடு காப்புறுதியும் வருகிறது. கட்டாரில் சாரம் ஏறப் போகும் இளைஞருக்குக் கிடைக்கும் காப்பு, சுன்னாகத்தில் சாரம் ஏறும் அவருடைய தம்பிக்குக் கிடைப்பதில்லை. முன்கூட்டியே சிறு தொகை வாங்கிக் காப்பளிப்பது இந்த அரசாங்கத்தால் முடியாத காரியமல்ல என்பதற்கு இரண்டும் சான்று. 2005ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கட்டட ஒப்பந்தப் பெறுமதியில் ஒரு பங்கை உத்தரவாத நிதியத்துக்கென அறவிட்டது. பின்னர் அது நீக்கப்பட்டது. ஒப்பந்தகாரரின் கடன் உத்தரவாதத்துக்கு அறவிட முடிந்தது, தொழிலாளியின் உடலுக்கு மட்டும் முடியாதா?

காப்புறுதிக் கம்பனிகள் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியை விற்கின்றனவே, விரும்பியவர் வாங்கட்டுமே என்பது இன்னொரு பதில். அரசாங்கக் கேள்விப்பத்திர வேலை எடுக்கும் பெரிய ஒப்பந்தகாரர் வாங்குகிறார். ஒப்பந்தம் அவரை வாங்க வைக்கிறது. கட்டளைச் சட்டமோ காப்புறுதியைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கட்டும் பாஸிடம், நாளை யார் வேலைக்கு வருவார் என்றே தெரியாதபோது, எத்தனை பேருக்கு என்று எழுதி வாங்கச் சொல்வது? அத்தகைய வேலைக்கு ஆளுக்கு ஆள் காப்புறுதி பொருந்தாது. வேலைத்தளத்துக்குக் காப்புறுதி பொருந்தும். அரசாங்க வைத்தியசாலை இலவசம்தானே என்று சொல்வாரும் உண்டு. அது நம் நாட்டின் பெரும் பேறு, அதில் ஐயமில்லை. சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் ஆறு மாதம் படுத்திருப்பவரின் அடுப்பு இலவசமாக எரிவதில்லை. அடகுக்குப் போகும் நகையும், படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகும் மூத்த பிள்ளையும்தான் உண்மையில் அந்த விபத்துக்கான நட்டஈட்டைக் கட்டுகிறார்கள்.

பொய்க் காயம் காட்டிப் பணம் வாங்குவார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உறுப்பு இழப்பையும் முள்ளந்தண்டு முறிவையும் நடிக்க முடியாது. சம்பளத்தின் பாதிக்காக ஆறு மாதம் படுத்திருக்க ஆசைப்படும் மேசன் அரிது. நிதியம் பொறுப்பெடுத்தால் விபத்தை மறைக்க வேண்டிய தேவையும் பாஸுக்கு இல்லாமற் போகும், வைத்தியசாலையில் உண்மை எழுதப்படும், எந்த வேலையில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதும் முதன்முறையாகத் தெரியவரும்.

எதிர்வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றே: அரசாங்கத்தின் கையில் இன்னொரு நிதியத்தை நம்பிக் கொடுக்கலாமா? 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதி தன் திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ள நேர்ந்ததைத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. இந்தியாவிலும் கட்டடத் தொழிலாளருக்கென்று வாங்கிய வரியில் பெரும் தொகை செலவழிக்கப்படாமல் கிடந்ததை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் கடுமையாகக் கண்டித்தது. எனவே நிதியம் என்று பெயர் வைத்தால் போதாது. சேமலாப நிதி பல பத்தாண்டு சேர்த்துவைக்கும் நிதி. விபத்து நிதியம் அந்தந்த ஆண்டு வாங்கியதை அந்தந்த ஆண்டே பெரும்பாலும் கொடுத்துத் தீர்க்கக்கூடியது, ஆகவே கடன் கொடுக்கக் கிடக்கும் குவியலாக அது வளர வேண்டியதில்லை. ஜெர்மனியின் விபத்துக் காப்புச் சங்கங்களை இன்றும் முதலாளிகளும் தொழிலாளரும் சரிபாதியாக இருந்து நடத்துகிறார்கள். திறைசேரி அவற்றின் பணப்பெட்டியைத் திறப்பதில்லை. சட்டத்திலேயே அந்த வேலி போடப்படாவிட்டால் நானும் இந்த நிதியத்துக்கு ஆதரவாக எழுத மாட்டேன்.

இன்னொரு தடை தூரம். நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீற்றர் அளவு. இடுப்பு முறிந்தவருக்கு அந்தப் பயணம் என்னவாக இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்திலும், சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்திலும் முதலில் போய் விண்ணப்பத்தைச் சரியாக எழுதிக்கொள்வது வீண் அலைச்சலைக் குறைக்கும். தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு திகைத்து நிற்காமல் தமிழில் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். வடக்குக்கு நிரந்தரமாக ஒரு பிரதி ஆணையாளர் யாழ்ப்பாணத்திலேயே அமர்ந்து விசாரிப்பதற்குப் பெரிய பணமோ புதிய தத்துவமோ தேவையில்லை.

எங்கே தொடங்கலாம்? கூட்டுறவு, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தப்படி மாகாணத்துக்குரிய விடயம். மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் போய்விட்டன. ஆனாலும் கூட்டுறவுத் திணைக்களம் இயங்குகிறது, சங்கங்களுக்குப் பொதுச்சபை இருக்கிறது. சீவல் தொழிலாளர் சங்கங்கள் தம் சமாசத்தின் வழியே லீற்றருக்கு ஒரு தொகையை ஒதுக்கி விழுந்தவருக்குக் கொடுக்கத் தீர்மானிக்க கொழும்பின் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அது பொருந்தும். பிரதேச சபைகளால் புதிய வரி விதிக்க முடியாவிட்டாலும், அனுமதி கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் வேலைத்தளத்துக்கு ஒரு காப்புறுதிச் சான்றைக் கோரும் யோசனையைத் தம் சபையில் விவாதித்துத் தீர்மானமாக்கலாம். அதற்கு மேல் பாராளுமன்றம்தான் செய்ய வேண்டும். முதலாளியின் தொழிலுக்காகவோ வணிகத்துக்காகவோ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, பங்குக்கு உழைப்பவரையும் கூலிக் கொந்தராத்தில் நிற்பவரையும் வேலையாள் என்ற வரைவிலக்கணத்துக்குள் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2022இல் இந்தக் கட்டளைச் சட்டத்தைத் திறந்தவர்கள் தொகையை மாற்றினார்கள், வழிப்பயணத்தைச் சேர்த்தார்கள், அந்த வரைவிலக்கணத்தைத் தொடாமல் மூடினார்கள். அடுத்த திருத்தத்தை முன்வைக்கும்படி வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் எழுத்தில் கேட்க வேண்டியது அந்த வரைவிலக்கணத்தை மாற்றச் சொல்லித்தான்.